முப்பது மில்லியாம்பியர்

செருப்போடுதான் குளிப்போம்.
குழாய்த் திருகில் பழைய சைக்கிள் டியூப் சுற்றியிருக்கும்.
விருந்தாளிக்குத் துண்டு நீட்டும்போதே
ஜுரேமா சொல்லிவிடுவாள்:
"மூடும்போது மட்டும் லேசாகக் கடிக்கும்."
வளர்ப்பு நாயைப் பற்றிச் சொல்கிற அதே குரலில்.

பொந்தா குரோசாவில் ஜூலை பிறந்தால்
விடிகாலைப் புல் உப்புத் தூவியதுபோல் வெளுத்துக் கிடக்கும்.
பச்சைத் தண்ணீரில் குளிக்க முடியாது.
தலைக்கு மேல் பிளாஸ்டிக் குடம்,
அதற்குள் அம்மணமாய் ஒரு சுருள்கம்பி,
கம்பியை நக்கிக்கொண்டு இறங்கும் தண்ணீர்,
தண்ணீருக்குக் கீழே நாங்கள்.

சுவரிலிருந்து மூன்று ஒயர் எட்டிப் பார்க்கும்.
இரண்டுக்கு வேலை உண்டு.
மூன்றாவது பச்சை.
பன்றிவால்போல் சுருண்டு சும்மா இருந்தது.
சுருட்டி வைத்தவன் மச்சினன் வால்தெசிர்.
"அது அழகுக்கு" என்றான்.
பதினொரு வருஷம் நம்பினேன்.

பிறகு மகள் தைனாரா பள்ளியில் கட்டுரை எழுதினாள்.
தலைப்பு, என் வீடு.
எங்கள் வீட்டில் இரண்டு அறைகள், ஒரு கொய்யா மரம்.
எங்கள் வீட்டில் தண்ணீர் கடிக்கும்.
அடியில் ஆசிரியையின் சிவப்பு மை:
எழுத்துப்பிழை இல்லை. தயவுசெய்து எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

ரோசிலேனி வந்தாள், ஸ்கூட்டரில், கையுறை மாட்டிக்கொண்டே.
மெயின் பெட்டியில் தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிய
ஒரு வெள்ளைக் காவலை உட்காரவைத்தாள்.
பச்சைக்குத் தரை வரை வழி செய்தாள்:
கொய்யாவின் வேரோரம் ஒரு செம்புக் கோல்,
சுத்தியலுக்குப் பத்தொன்பது அடி.
என் நான்கு நாள் சம்பளம்.

அன்று சாயங்காலம்
தலை முழுக்க நுரையோடு திறந்தேன்.
டக்.
பனிக்கட்டி உருகியதுபோல் கொட்டியது.
துண்டைக் கட்டிக்கொண்டு ஓடி, விசையை ஏற்றி, திரும்பி வந்தால்
டக்.
ஐந்து முறை.
வால்தெசிரைப் போனில் பிடித்தேன்.
"கழற்றி எறி. அது இல்லாதவரை ஓடியதுதானே?"
ஒரு கண்ணில் சோப்பு,
ஒரு கையில் திருப்புளி,
அவன் சொன்னது நியாயமாகத்தான் பட்டது.

திருகாணி பாதி கழன்றபோது
ஜுரேமா கேட்டாள், கதவோரம் நின்று:
"நீ தொடுவதற்கு முன்னாலேயே விழுகிறதே,
அப்படியானால் இத்தனை நாள் நாம் தொட்டது என்ன?"

ராத்திரியே ரோசிலேனி திரும்பி வந்தாள்.
கோபப்படவில்லை. ஷவரைக் காட்டி,
"போன கரண்ட் முழுதாகத் திரும்பி வரவில்லை.
கொஞ்சம் குறைகிறது.
எங்கே போனதென்று இது கேட்கிறது. அவ்வளவுதான் இதன் வேலை.
முப்பது மில்லியாம்பியர் தாண்டினால் கதவைச் சாத்திவிடும்."

நான் பஸ் கண்டக்டர்.
டிக்கெட்டுக்கும் காசுக்கும் முப்பது சென்டாவோ உதைத்தால்
டிப்போ மேஜையிலிருந்து எழ விடமாட்டார்கள்.
முதல்முறையாக மின்சாரம் எனக்குப் புரிந்தது.
எங்கள் வீட்டுக் கணக்கில் தினமும் உதைத்திருக்கிறது,
நாங்கள் சைக்கிள் டியூப் சுற்றி
கணக்கை மூடியிருக்கிறோம்.

சுருளுக்கு உறை போட்ட புது ஷவர் வந்தது, ஆறு தவணையில்.
காவல் இப்போது வாய் திறப்பதில்லை.
மாதம் முதல் தேதி அதன் வயிற்றுப் பொத்தானை அழுத்தி
உயிரோடிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.
அந்த ஒரு டக்குக்காக
தைனாரா நாற்காலி போட்டுக்கொண்டு காத்திருப்பாள்.

டியூபை உரித்தேன்.
உள்ளே குழாய்த் திருகு, வாங்கிய நாளின் பளபளப்போடு.
வெறுங்கையால் மூடுகிறேன். சில்லென்ற இரும்பு, வேறொன்றுமில்லை.
ஆனாலும் தொடுமுன் விரல்கள்
ஒரு நொடி நின்றுதான் போகின்றன.

சனிக்கிழமை அவள் சித்தி மகன் வந்திருந்தான்.
ஜுரேமா துண்டை நீட்டினாள்.
"மூடும்போது மட்டும்..." என்று தொடங்கி,
நிறுத்தி,
என்னைப் பார்த்து,
"சோப்பு ஜன்னலில் இருக்கிறது" என்றாள்.