நாலு ஓவர், ஒன்றரை ஷிப்டு

முதல் வருஷ ஏலத்தில்
என் பெயரைப் படிக்கவே திணறினார்கள்.
அவிநாசியப்பன். வேகப்பந்து. இடது கை.
மூன்று விநாடி.
அடுத்த பெயர்.

நான் அப்போது பி.என். ரோட்டில்
கட்டிங் மேஜைக்கு அடியில்
வேஸ்டு மூட்டை கட்டிக்கொண்டிருந்தேன்.
செல்போனைப் பாக்கெட்டில் போட்டுவிட்டு
கட்டிய மூட்டையை இன்னொரு முறை
இறுக்கிக் கட்டினேன்.

இரண்டாம் வருஷம் எடுத்தார்கள்,
இருப்பதிலேயே கீழ்விலைக்கு.
அம்மா செக்கிங்கில் இருக்கிறாள்.
"ஏங்கண்ணு, அது எத்தன ஷிப்டு வரும்?"
முன்னூறு, என்றேன்.
"பரவால்ல. ஒரு வருசம் நின்னாப்ல."

ஜெர்ஸி வந்தது.
முதுகில் பெயர் கொள்ளாமல்
அவிநா என்பதோடு நின்றுவிட்டது.
அம்மா அதை டியூப்லைட்டுக்கு நேரே பிடித்து
தோளோரம் ஒரு தையல் விட்டிருப்பதைக் கண்டாள்.
"நம்மூருச் சரக்குதான்.
எவளோ தூங்கிட்டா."

ஏழு மேட்ச்
தண்ணீர் பாட்டில், ஈரத்துண்டு, மாற்றுக் கையுறை.
வலைப்பயிற்சியில் ஒருநாள்
கேப்டன் கட்டைவிரலில் என் பந்து பட்டது.
மறுநாள் அவருக்குப் போட
வேறு ஆளைக் கூப்பிட்டார்கள்.

எட்டாவது மேட்ச், கோயமுத்தூர்.
ஆடி மாசம்.
பாலக்காட்டுக் கணவாய் வாயைத் திறந்துகொண்டு
மைதானத்தையே ஊதிக்கொண்டிருந்தது.
காற்று முதுகைத் தள்ளும் முனை
சீனியருக்கு.
காற்று முகத்தில் அறையும் முனை
எனக்கு.

முதல் பந்து வைடு.
அடுத்தது நோ பால், கட்டைவிரல் அகலம்.
அடுத்தது
சைட் ஸ்கிரீனைத் தாண்டி
டீக்கடைத் தகரத்தில் விழுந்த சத்தம் மட்டும் கேட்டது.
மூன்று பந்து ஓடிவந்து போட்டிருந்தேன்.
கணக்கில் ஒன்றுதான் ஏறியிருந்தது.

மூன்றாவது ஓவரில்
ஓடிவரும்போதே தெரிந்தது,
இந்தக் காற்றோடு சண்டை போட எனக்குத் தெம்பில்லை.
தையலுக்குக் குறுக்கே விரலை வைத்து
சும்மா விட்டேன்.
அவன் மட்டையைச் சுற்றி முடித்து
எங்கே போச்சென்று நிமிர்ந்து பார்த்தான்.
அப்புறம்தான் போய்ச் சேர்ந்தது பந்து.
ஒரே ஒரு பெயில்ஸ், அதுவும்
யோசித்து விழுந்தது.

நாலு ஓவர், நாற்பத்தொரு ரன், ஒன்று.
தோற்றோம்.
யாரும் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை, திட்டவுமில்லை.
ஷூவைக் கழற்றினால்
சாக்ஸோடு குதிகால் தோலும் வந்தது.

ராத்திரி பதினொன்றுக்கு அம்மா கூப்பிட்டாள்.
ஷிப்மெண்ட் அவசரம், ஒன்றரை ஷிப்டு,
அப்போதுதான் கம்பெனி வேன் இறக்கிவிட்டுப் போயிருக்கிறது.
"பாத்தோங் கண்ணு. போன செவுத்துல சாச்சு வெச்சு
லைனே பாத்துச்சு.
அதேன் மொதல்ல ரெண்டு பந்தக் கணக்குல சேக்கல?"
ரிஜெக்டும்மா.
"ஓ."
பைப்பில் கால் கழுவும் சத்தம்.
"நீ போடறப்ப நானும் ஏழு பீஸ
பாக்காமத் தள்ளி உட்டுட்டேன்.
பொட்டி ஒட்டியாச்சு.
இந்நேரம் தூத்துக்குடி ரோட்டுல போய்ட்டிருக்கும்."