இரண்டாம் தேதி

லமாராவுக்கு என்ன வாங்குவது என்று
டிசம்பர் முழுக்க யோசித்தாயிற்று.

மேல்வீட்டுக்காரி.
சாப்பிடாமல் படிக்கத் தெரியாது,
படிக்காமல் ஒரு வாய் இறங்காது.
நூலகத்தில் அவள் அட்டையைப் பறித்துக்கொண்டதற்கு
நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் சிந்திய
பிளம் சாஸ்தான் காரணம்.
'அந்த இடத்தில் கதையே புளிப்புதான்' என்று
வாதாடிப் பார்த்திருக்கிறாள்.

பக்கத்தில் வைக்க ஒரு பட்டுநாடா கொடுக்கலாம்.
அவள் வைப்பது பிரிஞ்சி இலை.
சூப் கொதிக்கும்போது உருவிக்கொள்வாள்,
எந்தப் பக்கத்தில் இருந்தேன் என்று
படியிறங்கி வந்து என்னைக் கேட்பாள்.
பிளாஸ்டிக் உறை கொடுத்தால் அது பரிசில்லை, கண்டிப்பு.
சமையல் புத்தகம் போன வருஷமே கொடுத்தாயிற்று.
ஒரே ராத்திரியில் முடித்துவிட்டு
'முடிவு சரியில்லை ஜும்பேர்,
கடைசியில் எல்லாரும் இனிப்பாகிவிடுகிறார்கள்' என்றாள்.
ஒரு முட்டைகூட உடைக்கவில்லை.

மருந்துக்கடையில் மில்லிகிராம் பார்த்துக்
கட்டிக் கொடுத்துப் பழகிய கை எனக்கு.
இவள் விஷயத்தில் எடைக்கல் கிடைக்கவில்லை.

இருபத்தொன்பதாம் தேதி.
திபிலிசியில் பனி விழவில்லை, வெறும் குளிர்.
வறண்ட பாலத்துச் சந்தையில்
துருவேறிய பதக்கங்கள், ஜோடி தொலைத்த கரண்டிகள்,
யாருடையதோ பல்செட்டு.
வக்தாங் என்கிற ஆள் கம்பளி விரித்து
மீன் அடுக்குவதுபோல்
புத்தகங்களை அடுக்கியிருந்தார்.
ஒன்றை எடுத்தேன். தலைப்பைப் பார்க்கவில்லை.
அறுபத்து நான்காம் பக்கத்தில்
நாணயம் அளவுக்கு ஓர் எண்ணெய்க் கறை.
தாள் அந்த இடத்தில் மட்டும் கண்ணாடியாகி,
மறுபக்கத்து எழுத்துகள்
முதுகைக் காட்டிக்கொண்டு நின்றன.

'கறைக்கெல்லாம் விலை குறைக்க முடியாது'
என்றார் வக்தாங், நான் கேட்காமலே.
கறைக்குத்தான் காசு என்று
நானும் சொல்லிக்கொள்ளவில்லை.

வருஷம் பிறந்ததும்
வீட்டுக்குள் முதல் காலடி வைப்பவன்
ராசிக்காரனாக இருக்க வேண்டும்.
'உன் கால் எப்படியோ தெரியாது,
ஆனால் கீழ்வீட்டில் வேறு ஆள் இல்லை'
என்று கூப்பிட்டிருந்தாள்.
வெடிச்சத்தம் ஓயுமுன் போய் நின்றேன்,
ஒரு கையில் மிட்டாய், மறு கையில் பொட்டலம்.

பிரித்தாள். அவளும் தலைப்பைப் பார்க்கவில்லை.
கறையை மூக்கருகே கொண்டுபோனாள்.
'வால்நட் எண்ணெய்' என்றேன் நான்.
'மீன். வறுத்தது. அவசரமாகத் தின்றிருக்கிறான்.'

அடுத்த பக்கம் திரும்பவில்லை.
அறுபத்தைந்திலிருந்து கடைசிவரை
மடித்த தாள் மடித்தபடி,
ஓரம் வெட்டாமல், யாரும் நுழையாமல்.

'செத்துப்போயிருப்பான்' என்றேன்.
'சே, தொண்டையில் முள்.'
'யாராவது சாப்பிடக் கூப்பிட்டிருப்பார்கள்.'
'சாப்பிட்டுக்கொண்டுதானே இருந்தான்!'
அரைமணி நேரம் இப்படியே.
நடுவில் தட்டிலிருந்த கோழி ஆறிப்போனது,
இருவருமே கவனிக்கவில்லை.

தேனும் வால்நட்டும் காய்ச்சித் துண்டு போட்ட
கத்தி மேசையில் கிடந்தது.
எடுத்தாள். மடிப்பில் நுழைத்தாள்.
பிறகு என்னவோ தோன்றி நிறுத்திவிட்டாள்.
'நாளைக்கு இரண்டாம் தேதி.
அன்றைக்கு என்ன செய்கிறோமோ
வருஷம் முழுக்க அதுதான்.
இதை அதற்கு வைத்துக்கொள்கிறேன், நீ போ.'

இரண்டாம் தேதி மருந்துக்கடை விடுமுறை.
கட்டிலில் மல்லாந்து கிடந்தேன்.
காலை பத்து மணிக்கு மேலே நாற்காலி இழுபட்டது.
பிறகு 'டொக்' என்று
கத்தியை மேசையில் வைக்கும் சத்தம்.
நெடுநேரம் ஒன்றுமில்லை.
மறுபடி டொக்.
ஒரு முறை கழுவுதொட்டியில் தண்ணீர்.
ஒரு முறை சிரிப்பு.
மூன்று மணிக்கு மேல்
டொக், டொக் என்று அடுத்தடுத்து வந்தது.
கதை வேகம் பிடித்துவிட்டதா
அல்லது ரொட்டி நறுக்குகிறாளா,
கீழிருந்து சொல்ல முடியவில்லை.

அன்றைக்கு நான் வேறெதுவும் செய்யவில்லை.