சுழிக்குக் கீழே

இன்று தர்கானில் மைனஸ் முப்பத்தொன்று.
ஆஸ்பத்திரி வாசலில் வண்டிகள்
எஞ்சினை அணைக்காமல் நிற்கின்றன.
அணைத்தால் மறுபடி கிளம்பாது.

யாஞ்மா, வயது அறுபத்துமூன்று.
வட்டார மருத்துவர் அல்ட்ராசவுண்டில்
கருப்பைக்குள் வெள்ளையாய் ஒன்றைக் கண்டு
பேசாமல் கையை மட்டும் துடைத்துக்கொண்டாராம்.
அந்தத் துடைப்பிலேயே புரிந்துகொண்டு
மந்தையைப் பங்கு வைத்துவிட்டு வந்திருக்கிறாள்:
குதிரைகள் மூத்தவனுக்கு,
ஆடுகள் மகளுக்கு,
ஒட்டகம் இரண்டும் யாருக்கென்று
இன்னும் சண்டை.

சி.டி. படத்தில் கட்டியின் மேல்
சுட்டியை வைத்தேன்.
மைனஸ் தொண்ணூற்றேழு.

எங்கள் கணக்கில் தண்ணீர் சுழி.
எலும்பு ஆயிரத்தை நோக்கி ஏறும்.
காற்று அதலபாதாளம்.
சுழிக்குச் சற்றுக் கீழே
குளிருக்குப் பயப்படாத ஒன்றுதான் குடியிருக்கும்:
கொழுப்பு.

கருப்பையில் கொழுப்புக்கு என்ன வேலை?
சூலகத்துக் கட்டி எட்டிப்பார்க்கிறதோ?
கொழுப்பிலும் கொல்லும் இனம் உண்டே?
பதினாறு வருடத்தில் நான் இதைப்
பாடப்புத்தகத்தில்தான் பார்த்திருக்கிறேன்,
அதுவும் பரீட்சைக்கு வராதென்று
புரட்டித் தள்ளிய பக்கத்தில்.

எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டும்.
வெள்ளி மோதிரம் கழல மறுத்தது.
ஒட்கோன் சோப்பு தேய்த்து இழுத்தான்.
"முப்பத்தெட்டு வருஷம் ஆச்சு" என்றாள்.
மோதிரத்துக்கா, புருஷனுக்கா,
கேட்டுக்கொள்ளவில்லை.

குழலுக்குள் அவள்.
கண்ணாடிக்கு இப்பால் நாங்கள்.
முதல் படத்தில் கட்டி
கண் கூசும் வெள்ளை.
சுற்றிலும் கருப்பைத் தசை
மெல்லிய விளிம்பாய், எங்கும் அறுபடாமல்.
சூலகங்கள் தனியே, சுருங்கி, சாதுவாய்.

பிறகு, கொழுப்பின் குரலை மட்டும் அடக்கும்
அந்த வரிசையை ஓட்டினோம்.
வெள்ளை அணைந்தது.
ஓரத்தில்கூட மிச்சமில்லை.
இருட்டைப் பார்த்து ஒட்கோன் கைதட்டினான்.

"பெரும்பாலும், கொழுப்பு கலந்த தசைக்கட்டி.
தீங்கற்றது. அரிது."
அந்தப் 'பெரும்பாலும்' என்பதை
இரண்டு முறை அழித்தேன்,
இரண்டு முறை திரும்ப எழுதினேன்.

அவளிடம் சொன்னேன்:
கொழுப்புதான் அம்மா. கத்தி வேண்டாம்.
ஆறு மாதம் கழித்து ஒருமுறை வாருங்கள்.

"கொழுப்பா?
செம்மறி வாலில் இருக்குமே, அதுவா?"
"அதேதான்."

அவள் சிரிக்கவில்லை.
மோதிரத்தைப் போட்டுக்கொள்ளவும் மறந்து
வாசலுக்குப் போய், கையுறையைப் பல்லால் கழற்றி
போன் போட்டாள்.
எஞ்சின் இரைச்சலுக்கு மேல் கத்தினாள்:
"சண்டையை நிறுத்துங்கள்.
ஒட்டகம் இரண்டும் எனக்கு.
குதிரைகளைப் பற்றி வந்து பேசுகிறேன்."

'பெரும்பாலும்' என்று நான்
தயங்கியிருக்கத் தேவையில்லை.
கொழுப்பேதான்.