ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டு

நவம்பரில் ஈர மணலோடு பிசைந்து
பைகளில் கட்டி வைத்தாள் மார்லிஸ்.
வெண்ணெய்க்குக் கீழே, கடுகுப் பாட்டிலுக்குப் பக்கத்தில்
சதுப்பு எருக்கு, நீல ஐரிஸ்,
பேர் தெரியாததால்
‘வாய்க்கால் ஓரம், செப்டம்பர் 9’ என்று மட்டும்
லேபிள் ஒட்டிய ஒரு கோரை.

பீர் எடுக்க வரும்போதெல்லாம் ஆர்விட் கேட்பான்:
“இதுல சாப்பிடுற மண்ணு எது?”
அண்ணன். வெங்காயம் போடுகிறவன்.
விஸ்கான்சின் கருமண்ணுக்கடியில்
அப்பா பதித்த சுடுமண் குழாய்கள்
அறுபது வருடமாய்ச் சதுப்பை உறிஞ்சி
ஆற்றில் துப்புகின்றன.
அந்தக் குழாய்தான் நமக்குச் சோறு போட்டது என்பான்.
பொய்யில்லை.

விதைகளுக்குத்தான் பொய் தேவைப்பட்டது,
தொண்ணூறு நாள் நீளத்தில் ஒரு பொய்க் குளிர்காலம்.
நிஜமானது வெளியே
பூச்சியத்துக்குக் கீழே இருபதில் சும்மா கிடந்தது.
போன வருஷம் அதை நம்பி விதைத்ததை
எலிகள் தின்றுவிட்டன.

மார்ச்சில் தட்டுகளுக்கு மாற்றினாள்.
எருக்கு வந்தது, தோட்டைத் தலையில் மாட்டிக்கொண்டு.
ஐரிஸ் வந்தது, யோசித்து யோசித்து.
கோரை வரவில்லை.
அதன்மேல் அரை விரல் மண் போட்டிருந்தாள்,
மாவுச் சல்லடையில் இரண்டு முறை சலித்து.

ஏப்ரல் கடைசியில்
கழுவலாமென்று தூக்கியபோது
அடியில் தண்ணீர் தேங்கிய தகரத்தில்,
அன்றைக்குக் கை நடுங்கிச் சிந்திய இடத்தில்,
பச்சை மயிராய்ப் பதினேழு.
யாரும் மூடாதவை.
ஜன்னல் வெளிச்சம் நேரே பட்டவை.

“சே” என்றாள்.
ஒரு வருஷத்து விதை.

இரவு ஆர்விட் ஃபிரிட்ஜைத் திறந்தான்,
எடுக்காமல் மூடினான்.
தகரத்தை விளக்கருகே பிடித்து,
“இது வடக்கு மூலையில இருந்துச்சு.
குழாய் அடைச்சுக்கிட்ட வருஷம். எனக்கு ஏழு வயசு.
உள்ளே உட்கார்ந்தா அப்பாவுக்குத் தெரியாது” என்றான்.

காலண்டரில் ஒரு மாதத்தைக் கிழித்து
பின்பக்கம் குழாய் போகும் வழியைக் கோடிழுத்தான்.
ஓரிடத்தில் அழுத்தியதில் பென்சில் முனை ஒடிந்தது.
“இங்க தட்டினாப் போதும். அந்த மூலை மட்டும்.
என் வெங்காயத்துக்குத் தண்ணி வந்துச்சுன்னா
பேச்சே கிடையாது.”

ஜூனில் மூலை கசிந்தது,
பிறகு மினுங்கியது.
பதினேழில் ஆறை வாத்து பிடுங்கிப்போட்டது.
பதினொன்று நிற்கிறது, கணுக்கால் நீரில்.

பேர் இன்னும் தெரியாது.
லேபிளில் ‘வாய்க்கால் ஓரம்’ என்பதை மட்டும் அடித்து
‘வடக்கு மூலை’ என்று
எழுதியிருக்கிறாள்.