நாலு இஞ்ச் கண்

குருவிக்காரன் சாலைப் பாலத்துக்குக் கிழக்கே
வைகைக்குச் சுவர் எழுப்பினார்கள்.
கரையில் வளை தோண்டிக் குடியிருந்த மீன்கொத்தி
மறுநாள் வந்து
சிமெண்டை இரண்டு கொத்து கொத்திப் பார்த்துவிட்டு
கரண்ட் கம்பியில் போய் உட்கார்ந்தது.
என் டீ ஆறிப்போனது.

பிளம்பர் நான். அடைப்பு எடுப்பேன், கசிவை அடைப்பேன்.
ஓட்டையை ஓட்டையாகவே விட்டுவைக்க
யாரும் கூலி தந்ததில்லை.

ஒச்சம்மாள்தான் ஆரம்பித்தாள்:
"வெறும் படம் வரைஞ்சா காதணி விழா போஸ்டர் ஒட்டிருவாய்ங்க.
உள்ள உசுரு குடியிருக்கட்டும்."
"குடியிருக்கிற வீட்டுலயே ஒட்டுறாய்ங்களே" என்றேன்.
வசூல் நோட்டில் என் பெயரை எழுதிவிட்டாள்.

ஆற்றுக்குள் நின்றுதான் வரைய வேண்டும்.
அதற்கு ஆறு வசதியாக இருந்தது, தண்ணீர் இல்லாமல்.
பதினெட்டு அடிக்கு ஒரு கெண்டை.
செதிலுக்குச் செதில் பாதி புதைத்த கலயம்,
துடுப்பெல்லாம் மூங்கில் துண்டு, வாலில் கல்லிடுக்கு.
கண்ணுக்கு என் கடை மிச்சம்:
நாலு இஞ்ச் பைப், சுவரைத் துளைத்துப் பின்மண் தொடும்வரை.
"இது எதுக்கு?" என்றார் இன்ஜினியர்.
"தண்ணி வடிய சார்."
"மணி வரையவா?" என்றார் கட்சிச் சின்னம் வரைகிற சந்தியாகு.
"வேணாம். அது வந்து வச்சுக்கும்."

அது வரவில்லை.
குளவி வந்தது, ஓணான் வந்தது,
ஏழாம் செதிலில் சிட்டுக்குருவி வைக்கோல் திணித்தது.
ஐந்து மாதம் கெண்டை குருடாகக் கிடந்தது.

மாசியில், கரண்ட் இல்லாத ஒரு ராத்திரி
நூர்நிஷா அடித்த டார்ச்சில்
கண்ணுக்குள் மஞ்சளாய் இரண்டு கண்.
புள்ளி ஆந்தை.

அந்த வாரமே தர்மராசு வீட்டில் பெரியவர் போய்ச் சேர்ந்தார்.
தொண்ணூற்றிரண்டு வயது. இருந்தாலும்
பழி ஓட்டைக்கு வந்தது.
பதினாறாம் நாள் முடிந்ததும்
அரைச் சட்டி சிமெண்டும் முந்நூறு ரூபாயும் நீட்டினார்:
"சாக்குருவி. நீ வச்ச ஓட்டை, நீயே அடை."

குழைத்து எடுத்துக்கொண்டு கரண்டியோடு இறங்கினேன்.
அது தலையை ஏற்றி இறக்கி
என்னை அளவெடுத்தது.
உள்ளே, டியூப்பில் காற்று இறங்குகிற மாதிரி
குஞ்சுகளின் சீறல்.
சட்டியில் சிமெண்ட் இறுகத் தொடங்கியிருந்தது.

அவசரமாய் மேலேறிப் போய்
தர்மராசு வீட்டு மாடித் தொட்டியில்
நாலு வருடக் கசிவை அடைத்தேன்.
முந்நூறுக்குச் சரியான வேலை.
தொட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.
ஒன்றும் கேட்கவில்லை.

மீன் இமைக்காது;
இந்த ஊரில் அதைச் சொல்லித் தர வேண்டியதில்லை.
பொழுது சாய்ந்தால்
எங்கள் மீன் இமைக்கிறது.

மீன்கொத்தி இன்னும் கம்பியில்தான்.
அதற்கு முன்னால் டீ குடிக்க
எனக்குக் கொஞ்சம் கூச்சம்.