சலவைச் சீட்டு

அபுராட்சு துறைமுகத்தில் எங்களுக்கு
மூன்றே முக்கால் மணி நேரம் கொடுத்தார்கள்.
பயணிகள் பேருந்தேறிக் கோயில் பார்க்கப் போனார்கள்.
எங்கள் ஆட்கள் முனையத்துச் சுவரோரம் குந்தி
இலவச வைஃபையில் வீட்டைத் தேடினார்கள்.
எனக்கு அன்று யாரோடும் பேச்சில்லை.
நடந்தேன்.

நீல மேலங்கி போட்ட பெண் வரைபடம் தந்தாள்.
எல்லாத் தெருவும் அதில்
சிரிக்கும் ஒரு மீனிடம் போய் முடிந்தன.
மீனை விட்டுவிட்டு வாய்க்காலைப் பிடித்தேன்.
கல் கட்டிய கரை, பச்சைத் தண்ணீர்,
மலையில் வெட்டிய மரங்கள்
ஒரு காலத்தில் மிதந்து வந்த வழி.
இப்போது ஒற்றைப் பிளாஸ்டிக் செருப்பு,
இடது கால்,
அவசரமில்லாமல் கடலுக்குப் போகிறது.

ஆடாத தரை எனக்கு மறந்துவிட்டிருந்தது.
பாலத்தில் நான் தடுமாற,
சைக்கிள் பையன் ஒருவன்
குடித்திருக்கிறேன் என்று ஒதுங்கிப் போனான்.

ரயில் நிலையம் முழுக்கச் சிவப்பு.
ஏனென்று கேட்க மொழியில்லை.
ரயிலும் இல்லை.

கூரை போட்ட கடைத்தெரு.
இழுத்து மூடிய ஷட்டர், ஷட்டர், ஷட்டர்,
அப்புறம் ஒரு கதவிடுக்கில் ஆவி.
சூடான பருத்தி, கஞ்சி, லேசான கருகல்:
தூக்கத்திலும் சொல்வேன் அது என்ன வாசனையென்று.
அதிலிருந்து தப்பித்தானே இறங்கினேன்?
கழுதை கெட்டால் குட்டிச்சுவர்.
நின்றேன்.

உள்ளே நாற்பது வயதிருக்கும்,
காதில் பென்சில் செருகியவள்
பள்ளிச் சட்டை ஒன்றைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.
ஹிதாகா என்று மார்பைத் தொட்டுச் சொன்னாள்.
நான் கூரைகளுக்கு மேல் தெரிந்த
கப்பலின் புகைபோக்கியைக் காட்டினேன்,
பிறகு காற்றைத் தேய்த்துக் காட்டினேன்.
நம்பவில்லை. பெட்டியை என் கையில் கொடுத்தாள்.

ஒரு கை முடித்தேன். தலையாட்டினாள்.
காலரை முடித்தேன்.
அதை மட்டும் திரும்பவும் அவளே தேய்த்தாள்.

நாள்காட்டியின் பின்பக்கம் எழுதினேன்:
1400. படுக்கை விரிப்புகள். ஒரு நாளைக்கு.
பென்சிலை உருவி அவள் எழுதினாள்: 11.
கொஞ்சம் யோசித்து, அடித்துவிட்டு: 9.
பிறகு இருவரும்
பெட்டி சூடாகிக் கிடப்பதை மறந்து சிரித்தோம்.

சிரித்து ஓய்ந்தபோது என் சட்டையைப் பார்த்தாள்.
நானும் குனிந்து பார்த்தேன்.
கசங்கி, முதுகில் பாய் வரி மாதிரி மடிப்புகளோடு,
கப்பல் முழுவதையும் வெளுப்பவனின் சட்டை.
கழற்று என்று கை காட்டினாள்.
அந்நிய நாட்டில், பட்டப்பகலில்,
பனியனோடு ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன்.

பெயர் கேட்டாள். கபிரியேல் என்றேன்.
கா, பு, ரி, எ, ரு என்று
அவள் வாயில் அது ஐந்து படி இறங்கியது.
மஞ்சள் சீட்டில் எழுதி
சட்டையின் அடி மடிப்பில் பின் அடித்தாள்.
காசு வேண்டாம் என்பாள் என நினைத்தேன்.
வாங்கிக்கொண்டாள்.
இருநூற்று இருபது யென்,
மீதிச் சில்லறையை ஒரு தட்டில் வைத்து,
கடைக்கு வந்தவனுக்குக் குனிகிற மாதிரி
இரண்டு தடவை குனிந்தாள்.
ஏழு ஒப்பந்தங்கள் முடித்துவிட்டேன்,
எனக்கு யாரும் இப்படி ரசீது கொடுத்ததில்லை.

மாலை, துறையில் பள்ளிப் பிள்ளைகள்
பேண்ட் வாசித்து வழியனுப்பினார்களாம்.
மேல்தளத்தார் கொடியசைத்தார்களாம்.
நாங்கள் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே.
இரும்பு வழியாக
முரசு மட்டும் வந்தது, அதுவும்
டிரையர் சத்தமா என்று தெரியாதபடி.

என்ன பார்த்தாய், என்றான் ரெய்னால்டோ.
ஒரு லாண்டரி, என்றேன்.
தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்,
நிறுத்தவே முடியவில்லை அவனால்.
ஐந்தாம் தளத்துத் துண்டுகள் வந்து கொட்டின.
குனிந்து அள்ளியபோது
இடுப்பில் ஏதோ குத்தியது.
எடுக்கவில்லை.