ஆளுக்குப் பாதி

தகராறில்லாமல்தான் பிரித்துக்கொண்டோம்.
வீடு அவனுக்கு, நாய் எனக்கு,
கரண்டிகள் ஆளுக்கு ஆறு.
படகுக்கு மட்டும் வழி தெரியவில்லை.
அதன் நடுவயிற்றில் ஒரு பிளவு உண்டு,
பலகை இறங்கி ஏறுவதற்கு.
அதன்படியே அறுத்தாலும்
எந்தப் பாதியும் மிதக்காது.
ஆகவே விற்றோம்.
வாங்குபவள் ஏரிக்கு அக்கரையில், பால்க் ஊரில்.
கொண்டுபோய்ச் சேர்க்க இரண்டு பேர் வேண்டும்.

செப்டம்பர். வடமேற்கிலிருந்து காற்று.
ஸ்லோட்டர் ஏரிக்கரை நாணலெல்லாம்
ஒரே பக்கம் வகிடெடுத்து நின்றது.
யெல்மர் வானொலி கேட்டுவிட்டு வந்திருந்தான்.
"ஆறாம் எண் காற்று. பாயைச் சுருக்கிவிடுவோம்."

சுருக்கியிருக்கலாம்.
கரையிலேயே, பாய் மடியில் கிடக்கும்போதே,
நாலு முடிச்சு, ஐந்து நிமிடம்.
'சுருக்கலாமா என்று தோன்றினால்
சுருக்கும் நேரம் வந்தாயிற்று' என்று
படகுக் கொட்டகைக் கதவில்
என் கையெழுத்தில்தான் ஒட்டியிருக்கிறது.
ஆனால் சொன்னது அவன்.
பதினோரு வருடமாக
பயணத்தை, பேச்சை, விருந்தாளிகளைச்
சுருக்கச் சொன்னவன்.
"வேண்டாம்" என்றேன்.

முதல் அரை மைல் பறந்தோம்.
பொய் சொல்லமாட்டேன், இன்பமாக இருந்தது.
பாதங்களை வாருக்குள் செருகி
முதுகில் தண்ணீர் அறையுமளவு வெளியே சாய்ந்து,
ஒருவர் எடையை மற்றவர் எடை நம்பி.
இரண்டே சொல் போதுமாயிருந்தது:
பிடி. விடு.
கல்யாணத்துக்குள் இருந்தவரை
இவ்வளவு தெளிவாகப் பேசிக்கொண்டதில்லை.

வீச்சு வருவது நீரில் முன்னாலேயே தெரியும்,
கறுப்பாக, சுருக்கம் சுருக்கமாக,
மேசைவிரிப்பை யாரோ இழுப்பதுபோல.
வந்ததும் தாமான் கயிற்றை ஒரு முழம் விட வேண்டும்.
பாய் படபடக்கும், படபடக்கட்டும்.
சத்தத்தால் எந்தப் படகும் கவிழ்ந்ததில்லை.
அல்லது சுக்கானைத் தொட்டு
அணியத்தைக் காற்றின் முகத்துக்குத் திருப்பலாம்.
நான் கயிற்றைக் கவ்வியில் மாட்டியிருந்தேன்.
கை வலித்தது. அவ்வளவுதான் காரணம்.

"விடு" என்றான்.
"விடு, விடு!"
கவ்வியிலிருந்து பிடுங்குவதற்குள்
பருமல் நீரைத் தொட்டது,
பிறகு பாய்,
பிறகு நாங்கள்.

ஏரி ஆழமில்லை, அதுதான் தொல்லை.
முழுதாய்க் குப்புறப் படுக்கவும் இடமில்லாமல்
பாய்மர நுனி சேற்றில் குத்தி
பாதி புரண்டு நின்றது படகு.
"யெல்மர்!"
"இங்கே." குரல் அடிப்பக்கத்துக்கு அந்தப்புறம்.
"படகைவிட்டு நீந்தாதே."
"நீயும்."

பாய்களின் கயிறுகளை அவிழ்த்தோம்.
நடுப்பலகை
மருத்துவரிடம் நீட்டிய நாக்குபோல் வெளியே இருந்தது.
அவன் அதில் ஏறினான். அசையவில்லை.
நானும் ஏறினேன்.
இரண்டு பேர் நிற்கிற இடமில்லை அது.
அவன் விலாவில் என் முழங்கை,
என் தோளில் அவன் தாடை.
விளிம்பைப் பற்றிப் பின்னால் சாய்ந்தோம்.
துள்ளக்கூடாது, துள்ளினால் மரம் ஒடியும்.
காற்றே மெல்ல அணியத்தைத் திருப்பும்,
அதுவரை எடையாக மட்டும் இருக்க வேண்டும்.

எவ்வளவு நேரம், தெரியாது.
அவன் உதடு நீலமாகியிருந்தது.
"வீட்டில் வெந்நீர் வருவதில்லை" என்றான்,
எதற்கென்று தெரியாமல்.
"அந்தச் சிவப்புத் திருகைத் தட்டணும்" என்றேன்.

சேறு
முத்தம்போல் ஒரு சத்தத்தோடு விட்டது.

நீர் இறைத்தோம், வாளியால், முறை வைத்து.
அப்புறம் பாயைச் சுருக்கினோம்.
இந்தமுறை யாரும் சொல்லவில்லை.
பாதிப் பாயில்
படகு கழுவிவிட்ட பிள்ளைபோல் போனது.
கயிறு கடைசிவரை என் கையிலேயே இருந்தது.

துறையில் ரப்பர் பூட்ஸோடு நின்றாள் ஹில்த்யெ.
எங்கள் உடம்பிலிருந்து சொட்டுவதைப் பார்த்தாள்.
"பலத்த காற்றில் எப்படி நடந்துகொள்ளும்?"
"சாது" என்றான் யெல்மர்.
"ரொம்பச் சாது" என்றேன், அதே நேரத்தில்.

அவள் அண்ணாந்தாள்.
பாய்மர உச்சியில்
ஒரு பிடி கறுப்புச் சேறு,
அதில் நாணல் வேர் ஒன்று ஆடிக்கொண்டிருந்தது.

நூறு யூரோ குறைத்துக்கொடுத்தோம்.
ஆளுக்கு ஐம்பது.